தூத்துக்குடி முதல் தேங்காய்ப்பட்டணம் வரை: எந்தக் கரையில் எப்போது நிற்பது?

பாசிமணி
டிசம்பர் 3

அனைவருக்கும் வணக்கம். பொங்கலை ஒட்டி ஐந்து நாள் விடுமுறை கிடைத்திருக்கிறது. தூத்துக்குடியில் தொடங்கி திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி, முட்டம், குளச்சல் என்று கடலை விட்டு விலகாமல் தேங்காய்ப்பட்டணம் வரை போக எண்ணியிருக்கிறேன். எழுபது வயது அப்பாவும் என் இரண்டு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். பெரியவனுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு எட்டு.

சென்ற ஆண்டு ஜூன் கடைசியில் இதே பாதையில் போய் நொந்து திரும்பினோம். மணப்பாட்டில் குன்றின் மேல் நிற்கவே முடியவில்லை. காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. சின்னவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு என் முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். குன்றை விட்டு இறங்கி மறுபக்கம் போனால், படகுகள் குளத்தில் நிற்பதுபோல் நிற்கின்றன! அப்பா கேட்டார்: "ஒரே கடல்தானே, இங்கே மட்டும் எப்படித் தூங்குகிறது?" எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த நாள் முட்டத்தில், பக்கத்தில் நின்று பேசியதே காதில் விழாத அளவுக்கு இரைச்சல்.

எந்த ஊரில் தங்கலாம், எங்கே பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கலாம் என்று சொல்லுங்கள். அப்பாவின் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் அதையும் சொன்னால் மகிழ்வேன். அவர் இன்னும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.


கச்சான்காற்று
டிசம்பர் 3

அக்கா, மணப்பாட்டுக்குப் பக்கத்து ஊர்தான் எனக்கு. உங்கள் அப்பா கேட்டது எங்கள் கரையில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் கேட்ட கேள்வி.

எங்களுக்கு மாதத்தின் பெயரைவிடக் காற்றின் பெயர்தான் முக்கியம். மேற்கே இருந்து வந்தால் கச்சான், வடக்கே இருந்து வாடை, கிழக்கே இருந்து கொண்டல், தெற்கே இருந்து சோழகம். நீங்கள் வந்த ஜூன் கடைசி முழுக் கச்சான் காலம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மலையைக் கடந்து வரும் காற்று அது. முப்பந்தலில் காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருப்பதே அந்தக் காற்றை நம்பித்தான். உள்ளே கிடக்கும் தேரிக்காட்டுச் செம்மணலை மேடு மேடாகக் குவித்ததும் காற்றுதான். அந்தக் காற்றின் முன்னே பிள்ளைகளை நிறுத்தினால் கண்ணில் மணல் விழத்தான் செய்யும்.

இனி அமைதியைப் பற்றிச் சொல்கிறேன். கச்சான் காலத்தில் பேரலை தெற்கே இருந்து வருகிறது. மணப்பாட்டுக் குன்று கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. வரும் அலையின் முழு அடியையும் அந்த மூக்கு வாங்கிக்கொள்கிறது. மிச்சம் இருக்கும் அலை முனையைச் சுற்றி வளைந்து உள்ளே வருகிறது. வளையும்போது விசிறிபோல் விரிகிறது, விரிய விரிய வலு குறைகிறது. உள்ளே வந்து சேரும்போது படகை ஆட்டும் பலம்கூட அதற்கு இருக்காது. முனைக்குப் பின்னால் கரை தூண்டில் முள்போல வளைந்திருப்பதைக் குன்றின் மேலிருந்து பார்த்தாலே தெரியும். அலை எப்படி வளைந்ததோ அப்படியே மணலும் வளைந்து படிந்திருக்கிறது.

1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து இறங்கிய கரை அது. 1581இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம் அந்தக் குன்றின் மேல்தான் இருக்கிறது. அவர் தங்கியிருந்த குகையையும் பார்க்கலாம். எத்தனையோ கப்பல்காரர்கள் அந்த மூக்கின் மறைவைத் தேடி வந்திருக்கிறார்கள்.

தை மாதம் வாருங்கள், கடல் இறங்கியிருக்கும். வாடை வீசினாலும் மன்னார் வளைகுடாவுக்கு இலங்கையின் மறைவு இருக்கிறது. மணல் பறக்காது.


திருநெல்வேலிக்காரன்
டிசம்பர் 3

ஒரு சிறிய எச்சரிக்கை. முட்டம் வேறு, சின்னமுட்டம் வேறு. கன்னியாகுமரியை ஒட்டிக் கிழக்குப் பக்கம் இருப்பது சின்னமுட்டம், அது மீன்பிடித் துறைமுகம். பாறையும் கலங்கரை விளக்கமும் செம்மண் சரிவும் உள்ள முட்டம் மேற்குக் கரையில் இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில் போய் அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். ஆட்டோவில் "முட்டம்" என்று மட்டும் சொல்லி ஏறிவிட்டு, சூரியன் மறையும் நேரத்தில் ஐஸ் கூடைகளுக்கு நடுவே நின்ற ஒரு குடும்பத்தை நானே பார்த்திருக்கிறேன்.


காயல்வாசி
டிசம்பர் 4

பாசிமணி, தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் 40 கிலோமீட்டர்தான். ஒரு மணி நேரத்தில் தாண்டிவிட எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்த இழையில் பேசும் விஷயம் முழுவதும் அந்த 40 கிலோமீட்டருக்குள் மண்ணாகவே கிடக்கிறது.

பாதையில் கொற்கை இருக்கிறது. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். இன்று அங்கே போய் நின்றால் கண்ணுக்கு எட்டும் தூரம்வரை வயலும் வாழையும்தான், கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறைமுகத்தை மூடிவிட்டது. ஊர் கடலைத் தேடி நகர்ந்தது. அடுத்து எழுந்தது காயல். மார்க்கோ போலோ தன் பயணத்தில் சொல்லும் காயல் அதுதான், இன்றைய பழையகாயல். அதையும் ஆறு மூடியது. இப்போது ஆற்றின் முகத்துவாரத்தில் இருப்பது புன்னைக்காயல். முத்து வணிகம் கடைசியில் ஆற்று மண்ணுக்கு எட்டாத தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்தது.

கொற்கையில் ஒரு பெரியவர் தம் வயலில் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டி எடுத்துக் காட்டினார். கறுப்பு வண்டலுக்குள் சிப்பி ஓடுகள். நகத்தால் சுரண்டினால் உள்பக்கம் இன்னும் மினுங்குகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, கடலின் சத்தமே கேட்காத இடத்தில் நின்றது என் வாழ்நாளில் மறக்காது. உங்கள் பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.

தூத்துக்குடியில் காலையிலேயே பனிமய மாதா பேராலயத்தைப் பார்த்துவிடுங்கள், 1713இல் கட்டியது. முயல் தீவுப் பக்கம் கடல் அமைதியாகத்தான் இருக்கும். கடைசி அரசு முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதன் பிறகு முத்துப்பார்கள், அதாவது முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டுகள், தேறவேயில்லை.


பாசிமணி
டிசம்பர் 4

காயல்வாசி ஐயா, மிக்க நன்றி. கொற்கையை வரைபடத்தில் பார்த்தபோது ஏதோ உள்நாட்டு ஊர் என்று கடந்துபோயிருந்தேன். கட்டாயம் நிற்போம்.

கச்சான்காற்று தம்பி, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மூக்கு அடி வாங்குகிறது, கன்னம் தப்பிக்கிறது" என்று அவரே சுருக்கிச் சொல்லிக்கொண்டார்.

கன்னியாகுமரிக்கு மேற்கே எங்கே குளிக்கலாம்? சொத்தவிளை, சங்குத்துறை, லெமூர் கடற்கரை என்று பெயர்கள் வருகின்றன. படங்களில் எல்லாமே அழகாக இருக்கின்றன.


கரைமடி
டிசம்பர் 5

நான் முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடைப்பட்ட ஒரு கடற்கரைக் கிராமத்துக்காரன். அக்கா, படத்தைப் பார்த்து எங்கள் கடலில் இறங்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

2024 மே மாதம் கணபதிபுரத்தை ஒட்டிய லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து இளைஞர்கள் அலையில் போனார்கள். வானம் தெளிவாக இருந்த நேரம், புயல் எதுவும் இல்லை. அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். பல ஆயிரம் கிலோமீட்டருக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் வீசும் புயல் கிளப்பிவிட்ட அலை நாள் கணக்கில் பயணம் செய்து இங்கே வருகிறது. உள்ளூரில் காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. கடல் திருடன்போல் ஏறி வரும். ஹைதராபாதில் இருக்கும் கடல்சார் தகவல் மையம் இதற்கு முன்னெச்சரிக்கை கொடுக்கிறது. அந்தச் சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் கால்கூட நனைக்கக் கூடாது.

அது இல்லாத நாளிலும் இன்னொன்று இருக்கிறது. வரிசையாக அலை உடைந்து நுரை வரும் கரையில், நடுவே ஓர் இடத்தில் மட்டும் அலை உடையாது. பார்க்க அமைதியாக, சற்றுக் கருத்து, வழிவிட்டதுபோல் இருக்கும். வெளியூர்க்காரர்கள் சரியாக அந்த இடத்தில்தான் இறங்குவார்கள். கரையில் ஏறிய தண்ணீர் எல்லாம் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அதுதான். நுரையும் குப்பையும் அந்த வழியாகக் கடலை நோக்கி நகர்வதைப் பத்து நிமிடம் நின்று பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். பாறைக்குப் பக்கத்திலும், கல் கொட்டிய தடுப்புகளுக்குப் பக்கத்திலும் பெரும்பாலும் இருக்கும். அகப்பட்டுக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. கரைக்கு இணையாக ஒரு பக்கமாக நீந்தி வாய்க்காலை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும்.

பிள்ளைகளுக்கு மணலும் முழங்கால் தண்ணீரும் போதும். அதுவும் மீனவர்கள் நிற்கும் இடத்தில், அவர்களைக் கேட்ட பிறகு.


நெடுவழி
டிசம்பர் 5

கரைமடி, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இப்படி எழுதினால் யாரும் அந்தப் பக்கமே வர மாட்டார்கள். நான் சொத்தவிளையில் ஐந்தாறு முறை குடும்பத்தோடு குளித்திருக்கிறேன். ஒன்றும் ஆனதில்லை.


கரைமடி
டிசம்பர் 5

ஒன்றும் ஆகாதது நீங்கள் போன நாள்களின் நல்ல குணம். நான் கடலுக்குப் போக ஆரம்பித்து இருபத்தாறு ஆண்டு ஆகிறது. ஒவ்வொரு காலையும் வள்ளத்தைத் தள்ளும் முன்பு கால் மணி நேரம் நின்று அலையை எண்ணிய பிறகுதான் தள்ளுகிறேன். இரண்டு பேரை என் கையால் இழுத்துக் கரையில் போட்டிருக்கிறேன், ஒருவர் பிழைத்தார். மற்றவரின் சட்டைப் பையில் நனைந்த பஸ் டிக்கெட் இருந்தது. திரும்பிப் போவதற்கும் சேர்த்து எடுத்து வைத்திருந்தார். ஆட்கள் வர வேண்டும், வந்தவர்கள் வீடு திரும்பவும் வேண்டும்.


நெடுவழி
டிசம்பர் 5

மன்னியுங்கள். நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.


கலங்கரை
டிசம்பர் 6

திருச்செந்தூரைப் பற்றி ஒரு கேள்வி. "கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்" என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அது ஆபத்தா?


கச்சான்காற்று
டிசம்பர் 6

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். நம் பக்கத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரைத் தாண்டுவதே அரிது. ஆனால் கரை சரிவு குறைவாக இருப்பதால், அரை மீட்டர் இறங்கினாலும் வெகு தூரம் பின்வாங்கியதுபோல் பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும். 2004க்குப் பிறகு அதைப் பார்த்தாலே வயிறு கலங்குவது இயற்கை. நிதானமாக வற்றி நிதானமாக ஏறினால் அது அன்றாடம் நடப்பதுதான். சில நிமிடத்தில் சடசடவென்று இறங்கினால் எதையும் பார்க்காமல் மேட்டுக்கு ஓடுங்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது அங்கே நடக்கும் அரிப்பு. கோயில் முகப்பில் மணல் போய், படியிலிருந்து பெரிய பள்ளமாக இறங்க வேண்டிய நாள்களும் இருக்கின்றன.


மணற்கடிகை
டிசம்பர் 7

அரிப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். கடற்கரைக் கட்டுமானப் பொறியியல் என் தொழில். இந்த இழையில் எல்லோரும் அலையைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் மணலைப் பற்றி எழுத வேண்டும்.

அலை கரைக்குச் சாய்வாக வருகிறது. ஏறும்போது மணலைச் சாய்வாக ஏற்றுகிறது. இறங்கும்போது தண்ணீர் சரிவைப் பார்த்து நேராக இறங்குகிறது. ஒவ்வொரு அலைக்கும் மணல் ஒரு பல் நகர்கிறது, ரம்பத்தின் பல்போல. நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கே நடக்கிறது, வாடைக் காலத்தில் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். எந்தக் கரையும் நிலையான இடம் அல்ல. இந்த நிமிடம் அங்கே தங்கியிருக்கும் மணலைத்தான் நாம் கடற்கரை என்கிறோம்.

அந்த வழியின் குறுக்கே கல்லைக் கொட்டி நீட்டினால் என்ன ஆகும்? தெற்கே மணல் சேரும், வடக்கே மணல் வராது. வராத இடத்திலும் அலை தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் போகும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத் தடுப்பு எழுந்த பிறகு, நகரத்தின் மணற்கரையே மறைந்து கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. பிறகு கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்ததும் மணல் மெல்லத் திரும்பியது.

அதனால்தான், ஊருக்கு ஊர் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் தூண்டில்போல் வளைத்து நீட்டும் கல் தடுப்பு, கேட்டுப் போராடும் செய்தியைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஓர் ஊரைக் காக்கும் வளைவு அடுத்த ஊரின் மணலைப் பறிக்கிறது. அந்த ஊரும் வளைவு கேட்கிறது. கடைசியில் கரை முழுவதும் கல்தான் இருக்கும்.


கரைமடி
டிசம்பர் 7

ஐயா, நீங்கள் படித்தவர், சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் கடலோரமாக மூன்று தெரு இருந்தது. இப்போது இரண்டு. என் பெரியம்மா வீடு முதல் தெருவில் இருந்தது. ஓர் ஆனி மாதத்து இரவு, அடுப்படிச் சுவர் வழியாகத் தண்ணீர் வந்தது. அம்மியைத் தூக்க நேரமில்லை. மறுநாள் போய்ப் பார்த்தபோது வீட்டின் பின்பாதியைக் காணவில்லை. வாசல்படி மட்டும் நின்றது, அதில் முந்தின நாள் போட்ட கோலம் பாதி அழியாமல் இருந்தது. அந்தப் படியில் உட்கார்ந்து பெரியம்மா அழவில்லை, கடலைப் பார்த்துத் திட்டிக்கொண்டேயிருந்தார்.

அவரிடம் போய் "வளைவு போட்டால் பக்கத்து ஊரின் மணல் போய்விடும்" என்று சொல்ல என்னால் முடியாது. உங்களால் முடியுமா?


மணற்கடிகை
டிசம்பர் 8

முடியாது. நேற்று இரவு முழுவதும் உங்கள் பதிவையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சொல்ல வந்ததைச் சரியாகச் சொல்லவில்லை. உங்கள் பெரியம்மா கேட்பது நியாயம். கடல் வீட்டுக்குள் வந்த பிறகு கல்லைப் போடாமல் இருக்க முடியாது. என் சண்டை அதற்கு முந்திய படியோடு. ஆற்றில் அணை கட்டி மணலை மறித்தோம். ஆற்றுப் படுகையில் மிஞ்சியதையும் அள்ளி விற்றோம். கடற்கரையை ஒட்டிய மணல்மேட்டைச் சமப்படுத்தி வீடும் விடுதியும் கட்டினோம். அலைக்குக் கொடுக்க மணல் இல்லாதபோது அது வீட்டை எடுக்கிறது.

தூத்துக்குடிக்கு எதிரே நடந்ததைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைதான் இயற்கை போட்ட தடுப்பு. அதைச் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு மேலே இல்லை.

வழி இல்லாமல் இல்லை. தடுப்பின் ஒரு பக்கம் சேரும் மணலைக் குழாய் வழியாக மறுபக்கத்துக்கு அனுப்பலாம். ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் அப்படித்தான் செய்கிறார்கள். வளைவு போடும்போதே அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். மணலை நகர்த்தும் செலவு ஒவ்வோர் ஆண்டும் வரும். கல்லுக்கு ஒரே ஒரு திறப்பு விழா போதும் என்பதால் எல்லோரும் கல்லோடு நிறுத்திவிடுகிறார்கள்.


கரைமடி
டிசம்பர் 8

இதை நீங்கள் எங்கள் ஊர்க் கூட்டத்தில் வந்து சொல்ல வேண்டும், ஐயா. வளைவு வேண்டாம் என்று சொல்ல வருகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறோம். மணலையும் கொண்டுவந்து போடு என்று சேர்த்துக் கேட்கலாம் என யாரும் சொல்லித் தந்ததில்லை. தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்திலும் மணல் மேடிட்டு எத்தனை வள்ளம் கவிழ்ந்திருக்கிறது, எத்தனை உயிர் போயிருக்கிறது. ஒரு பக்கம் மணல் இல்லாமல் வீடு போகிறது, இன்னொரு பக்கம் மணல் சேர்ந்து ஆள் போகிறான். இரண்டையும் ஒரே கணக்காகப் பார்க்கச் சொல்கிறீர்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.


மணற்கடிகை
டிசம்பர் 8

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லுங்கள், வருகிறேன்.

பாசிமணி, உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். மணப்பாட்டில் குன்றின் மறைவை விட்டுத் தள்ளி, திறந்த நேர்க்கரைக்குப் போங்கள். ஒரு பனங்கொட்டையை அலை ஏறி இறங்கும் ஈரத்தில் போட்டு, போட்ட இடத்துக்கு நேரே மேலே ஒரு குச்சியை நடுங்கள். கால் மணி நேரம் கழித்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.


தனுக்கோடி
டிசம்பர் 9

இழையைத் தெற்கே மட்டுமே கொண்டுபோகிறீர்கள். ஒரு நாள் கூடினால் ராமேசுவரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடிச் சாலையில் நின்றால் இடக்கைப் பக்கம் பாக் நீரிணைக் கடல், வலக்கைப் பக்கம் மன்னார் வளைகுடா. எங்கள் மீனவர்கள் முன்னதைப் பெண்கடல் என்பார்கள், பின்னதை ஆண்கடல் என்பார்கள். ஒன்று தட்டில் ஊற்றிய தண்ணீர்போல் ஆழம் குறைந்து கிடக்கும், மற்றது இரைந்துகொண்டே இருக்கும். காற்று மாறினால் குணமும் இடம் மாறும், வாடைக் காலத்தில் பெண்கடல் புரட்டி எடுத்துவிடும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரும் ரயிலும் சேர்ந்து போனது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.


திருநெல்வேலிக்காரன்
டிசம்பர் 10

பொங்கலுக்கு வருவது நல்லது. டிசம்பரில் வந்துவிட வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதை மறக்க முடியாது.

கன்னியாகுமரியில் சூரியன் கடலில் மறைவதைப் பார்க்கவும் தைதான் சரி. அந்த மாதங்களில் சூரியன் தென்மேற்கே சாய்ந்து இறங்குவதால் நேராகக் கடலில் விழும். கோடையில் வடமேற்கே போய்விடும், அங்கே இருப்பது தரை.


கரைமடி
டிசம்பர் 10

மீனைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தையில் தடைக்காலம் கிடையாது, எல்லா இடத்திலும் கிடைக்கும். பிறகு எப்போதாவது வருவதாக இருந்தால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: எங்கள் ஒரே மாவட்டத்தில் விசைப்படகுகளுக்கு இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல் மேற்குக் கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

குளச்சலில் 1741 போரின் வெற்றித் தூணைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மார்த்தாண்ட வர்மா டச்சுப் படையைத் தோற்கடித்த இடம். கடலுக்குள் நிற்கும் பாறைகள் அலையை உடைப்பதால்தான் அந்தக் காலத்திலேயே கப்பல்கள் அங்கே அண்டின.


பாசிமணி
ஜனவரி 21

போய் வந்துவிட்டோம். முழுவதும் எழுத நேரமில்லை, முக்கியமானதை மட்டும் எழுதுகிறேன்.

கொற்கையில் சிப்பி ஓடு கிடைத்தது. பெரியவன் அதைப் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறான். உவரியில் அரை நாள் மட்டும் நின்றோம். கன்னியாகுமரியில் சிறு பாக்கெட்டில் விற்கும் வண்ண மணலை வாங்கித் தரக் கேட்டாள் சின்னவள். வாங்காமல் கரையிலேயே தேடச் சொன்னேன். அலை இழுத்துவிட்டுப் போன இடத்தில் கறுப்பு மணல் மெல்லிய கோடாகப் படிந்திருந்தது, அதன் ஓரத்தில் செந்நிறக் கோடு ஒன்று. கையில் எடுத்துப் பார்த்தால் கறுப்பு மணல் சாதாரண மணலைவிடக் கனமாக இருக்கிறது. இல்மனைட், கார்னெட் என்று விடுதிக்காரர் பெயர் சொன்னார். கனமானதை விட்டுவிட்டு லேசானதை அலை கொண்டுபோகிறது என்பதைப் பெரியவன் தானாகவே கண்டுபிடித்தான்.

முட்டத்தில் தண்ணீரில் இறங்கவில்லை. பாறை மேல் உட்கார்ந்து, கரைமடி அண்ணன் சொன்ன அந்த வாய்க்காலைத் தேடினோம். பத்து நிமிடத்தில் சின்னவள்தான் முதலில் கைநீட்டிக் காட்டினாள். நுரை அந்த வழியாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதே இடத்தை நோக்கி இரண்டு இளைஞர்கள் நடந்தார்கள். அப்பா எழுந்து சத்தம் போட்டுக் கூப்பிட்டு நிறுத்தினார். கேட்டுக்கொண்டார்கள்.

மணப்பாட்டில் விடியற்காலை ஐந்தரைக்கே அப்பா எங்களை எழுப்பிவிட்டார். குன்றின் மேல் ஒரு இலைகூட அசையவில்லை. பிறகு திறந்த கரைக்குப் போய்ப் பனங்கொட்டையைப் போட்டோம். அலை அதைச் சாய்வாக மேலே தள்ளியது, தண்ணீர் நேராகக் கீழே உருட்டியது. சில சமயம் ஒரே இடத்தில் சுழன்றது, ஒருமுறை மணலில் புதைந்தே போய், அடுத்த அலை தோண்டி எடுத்தது. கால் மணி நேரம் கழித்து அப்பா தப்படி வைத்து அளந்தார். தெற்கே ஒன்பது தப்படி. "வாடைக் காலம், சரியாகத்தான் போகிறது" என்றார், ஏதோ ஐம்பது ஆண்டாகக் கடலோடு பழகியவரைப்போல. ஆனியில் அது வடக்கே போகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அந்தக் காற்றில் அவரை மறுபடி கூட்டிப்போக எனக்குத் துணிவில்லை.


கச்சான்காற்று
ஜனவரி 21

அப்பாவிடம் சொல்லுங்கள், அக்கா. ஆனியில் நான் போட்டுப் பார்த்து எழுதுகிறேன்.


மணற்கடிகை
பிப்ரவரி 9

கரைமடி அவர்களின் ஊர்க் கூட்டத்துக்குப் போய் வந்தேன். மூன்று மணி நேரம் பேசினோம். மனுவில் வளைவோடு சேர்த்து மணல் நிரப்பக் கேட்கும் வாசகமும் இருக்கிறது. அவருடைய பெரியம்மா எனக்குச் சோறு போட்டார்.


கச்சான்காற்று
ஜூலை 6

பனங்கொட்டை போட்டேன். அதே கரை, அதே கால் மணி நேரம். கண்ணைத் திறக்க முடியாத கச்சான். வடக்கே இருபத்திரண்டு தப்படி. அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.